ஸ்டெல்லா டீச்சருக்குத் தெரியும்

1

புதிதாக வேலைக்கு வந்த பெண் என்னைக் கண்டதும், தின்றுகொண்டிருந்த பாண் துண்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். இந்த நாட்டில் யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்பதில்லை. பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“குட் மோர்னிங், டீச்சர்” என்றாள்.

நான் வேலை செய்வது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, படுக்க வைப்பது. இங்கே நான் ரிஸ்னா, அவசரக்காரர்களுக்கு ரிஸ். டீச்சர் என்று கூப்பிட இங்கே ஆளில்லை. 

“என்னத் தெரியலையா டீச்சர்? அனுஷா. அனுஷா மேரி. ஓ எல் பரீட்ச வகுப்புல உங்ககிட்டதான் கணக்குப் படிச்சேன். ஸ்டெல்லா டீச்சர் மக.”

முன்பாதியைக் கேட்டபோது வந்த சந்தோஷம் கடைசி மூன்று சொல்லில் போய்விட்டது.

“ஓ” என்றேன். “வந்துட்டியா?”

எங்கள் இல்லத்தில் யாருக்கு எந்த நாள் வேலை என்று அட்டவணை போடுபவள் நான். ரோட்டா என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அனுஷா என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தன்னை விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். பூசைக்குப் போக வேண்டும். பதிலுக்கு எந்த நேரம் போட்டாலும் செய்வாள். சனி இரவு போட்டாலும் பரவாயில்லை.

“புது ஆளுங்களுக்கு ஞாயிறு கட்டாயம்” என்றேன்.

அப்படி ஒரு விதி கிடையாது. அந்த மாதத்தின் எல்லா ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் பெயரை எழுதினேன். அடுத்த மாதத்திலும் எழுதினேன். எழுத எழுத நன்றாக இருந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டுமானால் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இலங்கையில், தெரணியகலை பஜாரில் வாப்பாவுக்குத் துணிக்கடை. அங்கிருந்து மலை ஏறும் பஸ்ஸில் போனால், இறப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் தோட்டப் பாடசாலை. நான் கணக்கு. ஸ்டெல்லா தமிழும் கிறிஸ்தவமும். தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்து, அந்தத் தோட்ட டிவிஷனிலிருந்து முதலில் ஆசிரியையானவள். ஏழு வருடம் ஒரே பஸ்ஸில் போனோம். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பம் அவள் வீட்டுக்கும், நத்தாருக்கு அவள் சுட்ட கேக் எங்கள் வீட்டுக்கும் போகும்.

ஒருநாள் பஸ் கண்டக்டர், “தமிழ்ல கத்தாம வாங்க” என்று சிங்களத்தில் எங்களை அதட்டினான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா எழுந்து, அவனுடைய சிங்களத்தை விட நல்ல சிங்களத்தில் அவனைக் கிழித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம ரெண்டு பேரும் இவனுங்களுக்கு ஒண்ணுதாங்க டீச்சர். சாமிதான் வேற” என்றாள்.

அப்படிப்பட்டவளிடம் நான் எதைத்தான் மறைத்தேன்? மழைக்காலத்தில் துணி காயாது. விடியற்காலை அவசரத்தில், இரவு போட்ட நைட்டியைக் கழற்றாமலேயே அதன்மேல் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். எங்கள் பெண்கள் நிறையப் பேர் செய்வதுதான். அதை ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து மழை நாளில் பஸ் ஏறியதும் என் காதில், “இன்னைக்கும் நைட்டியா?” என்பாள். இருவரும் சிரிப்போம்.

3

2019 ஈஸ்டர் ஞாயிறு தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது நான் முதலில் போன் எடுத்தது ஸ்டெல்லாவுக்கு. அவளுடைய சொந்தக்காரர்கள் நீர்கொழும்பில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை இருவரும் போனில் அழுதுகொண்டிருந்தோம். “உங்க ஆளுங்க செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்” என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். ‘உங்க ஆளுங்க’ என்ற சொல் அப்போதே குத்தியது. இறந்தவர்கள் வீட்டில் பிணம் கிடக்கும்போது சொல்லைப் பிடித்துச் சண்டை போடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பாடசாலைகள் மறுபடி திறந்த அன்று மழை. கேட்டுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம். ஒரு பொலிஸ்காரரும் நின்றார். முகத்தை மூடக் கூடாது என்றுதான் அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. நான் ஒருநாளும் முகம் மூடியதில்லை. ஆகவே பயப்படாமல் நடந்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஸ்டெல்லா நின்றாள். அன்று பஸ்ஸில் வராமல் முன்கூட்டியே போயிருந்தாள்.

“பைய காட்டுங்க டீச்சர்” என்றாள். கொடுத்தேன். கவிழ்த்தார்கள். சோற்றுப் பார்சல், சோக்குக் கட்டி, ஈரத்தில் விழுந்த கொப்பிகள், பெண்களுக்கு உரிய சாமான். எல்லாம் சேற்றில் கிடந்தது.

“இப்ப அதக் கழட்டுங்க.”

“எத?”

“அந்தக் கறுப்ப. உள்ள என்ன இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரியணும்ல. பிள்ளைங்க பயப்படுது.”

நான் அவளை மட்டும் பார்த்தேன். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஸ்டெல்லா, மழ பெய்யுது” என்றேன். மழை நாளில் உள்ளே என்ன இருக்கும் என்று உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“கழட்டுங்க டீச்சர்” என்றாள், முன்பைவிடச் சத்தமாக.

பொலிஸ்காரர் பக்கம் திரும்பினேன். “கலவன்ன மிஸ், ப்ரஸ்னயக் நே” என்றார். கழட்டுங்க, பிரச்சினை இல்லை என்று. அவருக்குப் பிரச்சினை இல்லை.

கழட்டினேன். கழுத்துப் பட்டன் இல்லாத, பூப்போட்ட, கக்கத்தில் தைத்த பழைய நைட்டி. முதலில் யாரோ ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு பிள்ளைகள். நான் பின்னம் படிப்பித்த பிள்ளைகள். அபாயாவை மார்போடு பிடித்துக்கொண்டு சந்திவரை மழையில் நடந்தேன். ஒரு முச்சக்கரவண்டிக்காரர், நெற்றியில் விபூதி பூசியவர், ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கத் திரையையும் இழுத்துவிட்டு என்னை வீட்டில் இறக்கினார். அவரை நான் ஒவ்வொரு தொழுகையிலும் நினைக்கிறேன். மற்றவர்களையும் நினைக்கிறேன், வேறு மாதிரி.

4

முறைப்பாடு கொடுக்கக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். உட்காரச் சொல்ல ஆளில்லை. கடைசியாக ஓர் அதிகாரி தலையை நிமிர்த்தி, “மிஸ், தென் காலே ஹொந்த நே” என்றார். இப்போது காலம் சரியில்லை. காலம் சரியில்லாததால்தானே வந்திருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். இடமாற்றம் எழுதித் தருகிறேன் என்றார். என்னை அவமானப்படுத்தியவர்கள் அங்கேயே இருந்தார்கள். நான்தான் மாற வேண்டியிருந்தது. இரத்தினபுரிக்கு மாறினேன். பிறகு வேலையை விட்டேன். பிறகு நாட்டையும்.

இந்த நாட்டை ஊரில் நினைப்பது போல நினைக்காதீர்கள். பஸ் நிறுத்தத்தில் என் தலைத்துணியைப் பார்த்து, வந்த இடத்துக்கே போ என்று சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். விசா புதுப்பிக்கும்போது எங்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் இருக்கும் பெயரை ஒன்றாக்கி நிரூபிக்க வேண்டும். பாஷை இன்னொரு தொல்லை. வந்த புதிதில் ஒரு கிழவியின் மகளிடம், உங்கள் அம்மாவைத் தூங்க வைத்துவிட்டேன் என்ற நினைப்பில் ‘ஐ புட் யுவர் மதர் டு ஸ்லீப்’ என்றேன். அவள் வெளிறிப்போனாள். கிழட்டு நாய்க்கு ஊசி போட்டுக் கொல்வதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்களாம். ஓடிப்போய்த் தாய் குறட்டை விடுவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

போன வருடம் என் மகள் ஹஸ்னா தலைத்துணி இல்லாமல் பள்ளிக்கூடம் கிளம்பினாள். பதினைந்து வயது.

“யாரு கழட்டச் சொன்ன?” என்றேன்.

“யாரும் சொல்லல்ல உம்மா. எனக்கே போட விருப்பமில்ல.”

“பொய் சொல்லாத. எந்த டீச்சர்? பேரச் சொல்லு.”

“உம்மா! நோபடி!” என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்குப் போக செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். சண்டை போட ஆள் இல்லை. அன்று முழுதும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். வேண்டாமென்று அவள் விடுவது அவள் பாடு, அவளுக்கும் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. ஆனால் ஸ்டெல்லாவின் முகம்தான் எனக்கு வந்தது. என்னிடமிருந்து பிடுங்கப்பட்டதை என் மகள் சும்மா கழட்டி வைத்துவிட்டுப் போகிறாள். அந்தக் கோபத்தையும் நான் ஸ்டெல்லாவின் தலையிலேயே எழுதினேன்.

5

மூன்றாவது மாதம் ஸ்டெல்லா எனக்குப் போன் பண்ணினாள். அனுஷாவிடம் நம்பர் வாங்கியிருக்க வேண்டும்.

“ரிஸ்னா டீச்சர், நல்லா இருக்கீங்களா? வாப்பா எப்பிடி? ஹஸ்னாக் குட்டி வளந்துருப்பாளே” என்று, நேற்றுத்தான் பஸ்ஸில் இறங்கிய மாதிரி பேசினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். “பிள்ள பூசைக்குப் போகாம அழுகுதுங்க. பெரிய வியாழன் வருது, ஈஸ்டர் வருது. நீங்க மனசு வச்சா…”

“அன்னைக்கு நீங்க மனசு வச்சீங்களா?”



“அது பயம்ங்க டீச்சர். நாடே பயந்து கிடந்துச்சு. எங்க ஆளுங்க எத்தன பேரு செத்தாங்க. பழசயெல்லாம் மறந்துருவோம்.”

“நான் மறக்கல்ல. நீங்க மறக்க நான் விடவும் மாட்டன். ஒண்டு செய்யுங்க. அதே பாடசாலையில, பெத்தவங்களக் கூட்டி வெச்சு, மைக்கைப் புடிச்சு, நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. அடுத்தது, இப்ப அங்க ஷிபானாண்டு ஒரு புது டீச்சர் வந்திருக்கா. அவ அபாயாவோட வந்தா நீங்க வாய் திறக்கப் படாது.”

ஷிபானா எங்கள் பஜார்ப் பெண். சேலையில் வந்தால் பிரச்சினை இல்லை என்று முதல் நாளே ஸ்டெல்லா அவளுக்கு ‘அன்பாக’ச் சொல்லியிருந்தாள். உம்மா மூலம் எனக்குத் தெரியும்.

“நான் இப்ப பாடசாலையில உப அதிபருங்க. இருபது வருசத்து மரியாத.”

“தெரியும். அதுக்குத்தான் கேக்கிறன்.”

போனை வைத்துவிட்டாள். ஈஸ்டர் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அனுஷாவின் பெயரைப் போட்டேன். என் கணவர் அஸ்மி அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ள என்ன செஞ்ச ரிஸ்னா? விட்டுடு. அல்லாஹ் பாத்துக்குவான்” என்றார்.

“அல்லாஹ் பாத்துக்கட்டும். நானும் பாத்துக்கிறன்.”

6

அனுஷா அழுதுகொண்டு உட்காரவில்லை. நேராக மேனேஜரிடம் போய், என் மதத்தைக் காரணமாக வைத்து ரிஸ்னா எனக்கு அநியாயம் செய்கிறாள் என்று முறைப்பாடு கொடுத்தாள்.

அந்த வாரத்துக்குள்ளேயே எங்களைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு ஐம்பது வயது வெள்ளைக்காரப் பெண். உட்காரக் கதிரை, குடிக்கத் தண்ணீர், கண் துடைக்கக் கடதாசி எல்லாம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கல்வி அலுவலகத்தில் மேசை மேசையாக நின்ற என் கால்கள் நினைவுக்கு வந்தன. இந்தச் சின்னப் பெண்ணுக்குக் கிடைத்த கதிரை எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

“ஏதாவது பழைய பிரச்சினையா?” என்று மேனேஜர் கேட்டார்.

ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். பாடசாலைக் கேட்டில் நின்ற கட்டம்வரை சொன்னேன். அதற்குப் பிறகு ஆங்கிலம் வரவில்லை. எனக்கே தெரியாமல் தமிழுக்கு மாறிவிட்டேன். மேனேஜர் கையை உயர்த்தி, எனக்குப் புரியவில்லை என்றார். அறையில் என்னைத் தவிர இரண்டு மொழியும் தெரிந்தவள் அனுஷா ஒருத்திதான். “நான் சொல்றேன்” என்றாள்.

அப்படித்தான் அது நடந்தது. நான் தமிழில் ஒரு வரி சொல்வேன். தன் தாய் செய்ததை அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வாள். பை. சேறு. பொலிஸ்காரர். அவள் அன்று வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள், ஆனால் பேச்சு எதுவும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. நைட்டி என்ற இடத்தில் மொழிபெயர்க்காமல் நின்றாள்.

“டீச்சர், உள்ள அதுதான் போட்டிருக்கீங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். மழ நாள்ல எப்பவும் கேட்டுச் சிரிப்பா.”

அனுஷா மேனேஜர் பக்கம் திரும்பினாள். முகம் கல்லாகியிருந்தது. “மை மதர் நியூ” என்றாள். என் அம்மாவுக்குத் தெரியும். 

மேனேஜர் எனக்காக வருந்துவதாகச் சொன்னார். பிறகு எச்சரிக்கை கொடுத்தார். மதப் பாகுபாடு காட்டியதற்காக எனக்கு எச்சரிக்கை! கேட்டில் நின்ற ஒருவருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது அநியாயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அட்டவணையை மாற்றினேன். ஈஸ்டர் ஞாயிறு காலை அனுஷா பூசைக்குப் போனாள். அவளுடைய இடத்தில் நான் நின்று பத்துப் பேரைக் குளிப்பாட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் எச்சரிக்கை வாங்கிய அன்று, மேனேஜரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் நடைபாதையில் அனுஷா என்னை மறித்தாள்.

“எம்மேல உள்ள கோவமா டீச்சர், அம்மா மேல உள்ள கோவமா?”

“உங்கம்மா மேல.”

“அப்ப அம்மாகிட்டயே தீத்துக்கங்க. நானும் கேப்பேன். எனக்கும் பதில் வேணும்.”

7

அவள் தாயிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா மட்டும் ஒரு தடவை போனில், “எம்பிள்ளைய எங்கிட்டருந்து பிரிச்சிட்டீங்களே” என்று கத்தினாள்.

“நான் பிரிக்கல்ல. நடந்தத சொன்னன். பொய்யிண்டா பொய்யிண்டு அவகிட்டச் சொல்லுங்க.”

சொல்ல முடியவில்லை. மகள் ஆறு வாரம் தாயின் போனை எடுக்கவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டம் ஒரு பிற்பகல் நடந்தது. இங்கே காலை. தொடங்குவதற்கு முன், ஸ்டெல்லா பழசைப் பேசப்போகிறாளாம் என்று ஷிபானா எனக்கு வீடியோ கோல் எடுத்து, போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் சமையலறையில் நின்றேன். அதே பெற்றோர். சிலருக்கு நரைத்திருந்தது. ஸ்டெல்லா நீலச் சேலையில் மைக்குக்குப் பின்னால் நின்றாள்.

“சில வருசத்துக்கு முன்ன சில அசௌகரியங்கள் நடந்துருக்கலாம். யாராவது மனசு நொந்துருந்தா…”

இப்படித்தான் நழுவுவாள் என்று எனக்குத் தெரியும். போனை உடைக்கலாம் போல இருந்தது. அப்போது பின்னால் இருந்து ஒரு பொம்பளை, “என்னா சொல்றீங்கன்னு வெளங்கலங்க டீச்சர். சத்தமாச் சொல்லுங்க” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை.

ஸ்டெல்லா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“ரிஸ்னா டீச்சர் பையில ஒண்ணும் இருக்கல. உங்களையெல்லாம் கேட்டுக்கு வரச் சொன்னது நான்தான். அவங்க உள்ள நைட்டிதான் போட்டுருக்காங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கழட்டச் சொன்னேன்.” மூச்சு வாங்கினாள். “பயந்தோம்னு சொன்னேன். நான் பயப்படல. அந்த வருசம் உப அதிபர் எடத்துக்கு அவங்க பேருதான் போயிருந்துச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. 

என் பெயர் அப்படிப் போயிருந்தது எனக்கே தெரியாது. அதிபர் சொல்லவில்லை. இத்தனை காலமாகக் குண்டும் பயமும் துக்கமும் என்று நான் எனக்குள்ளேயே அவளுக்காகக் கொஞ்சம் வாதாடியும் வைத்திருந்தேன். செத்தவர்களைச் சாக்காக வைத்து ஒரு நாற்காலியைப் பிடித்திருக்கிறாள்.

ஹஸ்னா எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று கவனிக்கவில்லை. தமிழ் பாதிதான் அவளுக்கு ஓடும். “அவதானா உம்மா?” என்றாள். “அவதான்” என்றேன். என் தோளில் கை போட்டுக்கொண்டு, கூட்டம் கலையும்வரை அந்தச் சின்னத் திரையை முறைத்துப் பார்த்தாள். அந்த ஒரு காலைக்கு அவள் முழுக்க என் மகளாக இருந்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா போனில் கேட்டாள்: “இப்பவாவது மனசு ஆறுச்சா டீச்சர்?”

“ஆறல்ல.”

“மன்னிக்க மாட்டீங்களா?”

“மாட்டன்.”

இனித்தது. எழுதுவதற்கு வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஷிபானா மறுநாள் அபாயாவோடு போனாள். ஸ்டெல்லா வாய் திறக்கவில்லையாம். அனுஷா தாயோடு மறுபடி பேசத் தொடங்கிவிட்டாள். அது அவர்கள் வீட்டு விஷயம். என்னோடு அவள் பேசுவது வேலையைப் பற்றி மட்டும். அதுவும் நியாயம்தான்.

8

இதை ஊரில் உள்ளவர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாவற்றையும் மறந்து, பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். மறக்கவில்லை. கிறிஸ்தவரோ இந்துவோ முஸ்லிமோ, எண்ணிக்கையில் குறைந்தவர்களான நாங்கள், எங்களைவிடக் குறைந்தவரைத் தேடிப் பிடித்து மிதிக்கிறோம். நானும் கையில் ஒரு அட்டவணை கிடைத்ததும் அதைத்தான் செய்தேன். என்னைத் தடுக்க இங்கே ஒரு அலுவலகம் இருந்தது. அங்கே இருந்த அலுவலகம் எனக்கு இடமாற்றம் எழுதித் தந்தது. என் கோபம் இனி அந்த அலுவலகத்தின் மேல்.

ஸ்டெல்லா பேசியதை ஷிபானா முழுதாகப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். இரத்தினபுரியில் ஒரு பெண் சட்டத்தரணி அதைக் கேட்டுவிட்டார். நாளாகிவிட்டது, கஷ்டம்தான் என்றார். ஆனாலும் என் முறைப்பாட்டுக்குக் கல்வி அலுவலகத்தை எழுத்தில் பதில் சொல்ல வைக்கலாம் என்றார். பதில் வரும்வரை அந்த அலுவலகத்தை நான் விடப்போவதில்லை. அன்று கேட்டில் நின்றவர்களைச் சாட்சிக்கும் கூப்பிடுவார்கள். பொலிஸ்காரரின் பெயரும் தெரிந்துவிட்டது.

நான் ஆகஸ்டில் வருகிறேன். அன்று நீங்கள் எனக்குச் சொல்லாமல் கேட்டில் கூடினீர்கள். நான் உங்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன்.